தள்ளிக்கொண்டு போன சைக்கிள்கள்

அந்தப் பிள்ளைகள் ஏன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. காற்றுப் போயிருக்கும், செயின் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். ஒரு சைக்கிளில் காற்றுப் போகலாம், இரண்டில் போகலாம். ஆற்றோரத்து மூங்கில் பாதையில் எட்டுப் பத்துப் பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு புதுச் சைக்கிளை, மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதுபோல வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடு என்று ஒன்றும் இல்லை. மழையும் விட்டிருந்தது. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தேன். மறுநாளும் அப்படியே போனார்கள்.

அந்தச் சைக்கிள்களின் பிரேக்கைத் தினமும் காலையில் நானே பிடித்துப் பார்ப்பேன். பார்த்து முடித்து மேசைக்கு வந்த பிறகு, கடைசியாக நின்றதைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பவும் போவேன். என் மகளுக்கு மூன்று வயது; அவள் பிறந்த நாளிலிருந்து உருளுகிற பொருள் எதைக் கண்டாலும் எனக்குப் பயம். அப்படிப்பட்ட நான்தான் ஒரு வளாகத்துக்கே சைக்கிள் கொண்டுவந்தேன். அதற்குக் காரணம் அந்த மூங்கில் பாதை.

கண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர் நலப்பிரிவில், ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். முதலாம் வருடப் பெண்பிள்ளைகளின் விடுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. விரிவுரைகள் ஐந்து மணிக்கு முடியும். நூலகத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் புறப்பட்டால், மழைக்காலத்தில் பாலத்தைத் தாண்டும்போதே இருட்டிவிடும். மூங்கில் பாதையில் பாதி விளக்குகள் எரிவதில்லை. அங்கே ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பான். பிள்ளைகள் நெருங்கினால் கூடவே மெதுவாக உருட்டிக்கொண்டு வருவான். அவன் என்ன செய்கிறான் என்பதை அந்தப் பிள்ளைகள் ஆண் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்கள்.

நான் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு காவலாளியைச் சில நாள் நிறுத்தினார்கள். பிறகு முன்வாசலில் ஆள் போதவில்லை என்று அவரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். முன்வாசலால்தான் அதிகாரிகளின் வாகனங்கள் வரும். வருகிற வாகனத்துக்குச் சலாம் போட ஆள் வேண்டும் அல்லவா.

சைக்கிள் யோசனை என்னுடையது அல்ல. புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையுடையது. ஒல்லியான உருவம், மெல்லிய குரல். அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். அந்தத் தோட்டத்திலிருந்து வளாகத்துக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

“நடந்து போறதாலதான் மிஸ் அவன் பக்கத்துல வர்றான். ஒரு சைக்கிள் இருந்தா நாலு மிதி மிதிச்சு விடுதிக்குப் போயிருவோம்” என்றாள்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் நாடே சைக்கிளுக்கு மாறியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் வளாகத்துக்கு ஏதாவது செய்ய விரும்பினார்கள். நான் எழுதினேன். முன்னால் கூடை வைத்த இருபது பெண்கள் சைக்கிள்கள் லொறியில் வந்து இறங்கின. வந்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. முன்பெல்லாம் அது பயத்தில் என்று நினைத்துக்கொள்வேன். இல்லை, கோபத்தில்தான்.

சுபவேளை பார்த்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறு வெட்டினார்கள். பிரதம விருந்தினர் ஒரு சைக்கிளில் உட்கார, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு முதலாம் வருடப் பிள்ளைகூட இல்லை. அவர்களுக்கு அந்த நேரம் விரிவுரை. வெற்றிலைத் தட்டு ஏந்தி நின்றவர்களும் இரண்டாம் வருடக்காரிகள்தான்.

என் மேலதிகாரி உதவிப் பதிவாளர். சிங்களவர், மரியாதையாகப் பேசுகிறவர், ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். இருக்கைகளில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றக் கூடாது என்று உத்தரவிட்டார். கழற்றினால் பழுதாகிவிடுமாம். புத்தம் புதுச் சைக்கிளில் ஏறியவர்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் வளாகத்துக் குரங்குகள்தான் அதைக் கிழித்து எறிந்தன. அந்த நாட்களில் என் பக்கம் நின்ற ஒரே கூட்டம் அதுதான்.

சைக்கிள்களை நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி உதவிப் பதிவாளருடைய மேசை லாச்சியில். அலுவலகம் நாலேகாலுக்கு மூடும். ஆகவே நாலு மணிக்கு எல்லாச் சைக்கிளும் கொட்டகைக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்து மணிக்கு விரிவுரை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரு பூட்டைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. பகலில் யார் ஓட்டினார்கள்? சிற்றுண்டிச்சாலைக்குப் போகிற மூன்றாம் வருடப் பையன்கள். தபாற்கந்தோருக்குப் போகிற எங்கள் அலுவலக உதவியாளர். பிள்ளைகளோ வழக்கம்போல இருட்டில் நடந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரனும் வழக்கம்போல வந்தான்.

நான் உதவிப் பதிவாளரிடம் போய் விளக்கினேன். முதல்முறை அவர் தலையாட்டினார். இரண்டாம் முறை, இரவில் வெளியே விட்டால் களவு போய்விடும் என்றார். சைக்கிள் களவு போகும் என்று பயப்படுகிறவருக்கு, பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்ற பயம் வரவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. “சரி சேர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் எனக்கு எப்போதும் பேச்சு வரும். பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் மனதுக்குள் அவரோடு வாதாடி வென்றுகொண்டே போவேன்.

மூன்றாம் முறை அவர், யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பல்லேகல தொழிற்சாலையில் சிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். “கொன்ராக்ட் ஆள் நீ. உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றார். சோறு போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டு, “பிரேக் எல்லாம் ஒழுங்கா இருக்கா?” என்று கேட்டார். அவரும் என்னைப் போலத்தான்.

பத்துச் சைக்கிள்களைப் பாலத்தடியில், விரிவுரை நடக்கும் பீடத்துக்கு அருகில் நிறுத்த அனுமதி கிடைத்தது. சாவி என்னிடம். பிள்ளைகள் மாலையில் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், காலையில் கொண்டுவந்து விட வேண்டும். உதவிப் பதிவாளர் ஒரு நிபந்தனை வைத்தார். ஒழுங்காகப் பாவிக்காவிட்டால் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டகையில் போட்டுவிடுவார். நான் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தினமும் கட்டாயம் எடுக்க வேண்டும், ஒன்றுகூட நிற்கக் கூடாது, நின்றால் பறித்துவிடுவார்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லோரும் சரி மிஸ் என்றார்கள். மறுநாளிலிருந்து பத்தும் போயின. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, பஸ் தரிப்பிடத்திலிருந்து அவர்கள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும் வரை.

புசல்லாவைப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மிஸ்.”

“யாரு?”

“அக்காமார்.”

அக்காமார் என்றால் இரண்டாம் வருடத்துப் பெண்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் வைக்கிற சட்டங்கள் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். இரட்டைச் சடை. கணுக்கால் வரை பாவாடை. மழை பெய்தாலும் குடை பிடிக்கக் கூடாது. இப்போது அதில் சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். ராகிங் என்கிற பகிடிவதை சட்டப்படி குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை எங்கள் அலுவலக வாசலிலேயே தொங்குகிறது. அதன் கீழேதான் அக்காமார் குடை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

“ஏறக் கூடாதுன்னா பிறகு எதுக்கு எடுக்குறீங்க?” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கேலியோ குற்றச்சாட்டோ அந்தப் பார்வையில் இல்லை.

“நீங்க கட்டாயம் எடுக்கச் சொன்னீங்களே மிஸ்.”

எனக்கு முகம் எரிந்தது. எடுக்கச் சொன்னது நான். ஏறக் கூடாதென்றது அவர்கள். இரண்டு பக்கத்துக்கும் கீழ்ப்படிவதற்கு இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. வீட்டில் சொல் கேட்டு வளர்ந்து, பள்ளியில் சொல் கேட்டுப் படித்து, சொல் கேட்டதாலேயே வளாகத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும்? எனக்கும் தோன்றியிருக்காது. அந்த வயதில் நானும் தள்ளிக்கொண்டுதான் போயிருப்பேன்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. முன்பு அவன் வந்தால் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்களாம். இப்போது ஓட முடியவில்லை. இரண்டு கையும் ஹேண்டிலில். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினால் அது உடையும், உடைந்தால் மிஸ்ஸுக்குப் பிரச்சினை வரும். அதனால் அவன் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வர, இவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன்னைவிட மெதுவாக நடந்தார்களாம்.

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு மகளோடு பாலத்தடிக்குப் போனேன். பாதை தொடங்கும் இடத்தில் உள்ள மதகுக் கட்டின் மேல் நாலைந்து அக்காமார் வழக்கம்போல உட்கார்ந்து, யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் பெரியவள் போன்றவளை எனக்குத் தெரியும். நன்றாகப் படிக்கிறவள். ஒருமுறை புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு என்னிடம் உதவி கேட்டு வந்தவள். அவளும் மலையகம்தான். நான் கேட்டதும் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினாள்.

“நாங்களும் நடந்துதான் மிஸ் போனோம்.”

“அவன் அப்பவும் வந்தானா?”

மற்றவர்கள் ஃபோனைப் பார்த்தார்கள்.

“வந்தான்.”

“பிறகு?”

“பிறகென்ன மிஸ், நடந்தோம். நாங்க பட்டதை இவங்களும் கொஞ்சம் படட்டும். ராகிங் சீசன் முடிஞ்சதும் ஏறட்டும், யாரு வேணாங்கிறா?” பிறகு என் இடுப்பிலிருந்த மகளின் கன்னத்தைத் தொட்டு, “பாப்பாவுக்கு நுளம்பு கடிக்குது மிஸ். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இது உங்க வேலை இல்ல” என்றாள்.

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. நான் என் பிள்ளையைக்கூட அடித்ததில்லை. என் கோபம் அவள் மேல் மட்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனைப் பார்த்துப் பயந்து நடந்தவள், இன்று இன்னொருத்தி பயந்து நடப்பதை மதகில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள். அப்படி அவளை உட்கார வைத்தவர்கள் யார்? அவள் நடந்த வருடத்தில் இந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும்தான். அந்த வருடம் நான் மகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத விடுமுறையில் இருந்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. என்னைத் தப்பவைத்துக்கொள்ளவா?

மறுநாள் உதவிப் பதிவாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முறைப்பாடு கொடுத்தால் விசாரணை வைக்கலாம், பிள்ளைகள் வந்து பெயர் சொல்ல வேண்டும் என்றார். பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். புசல்லாவைப் பிள்ளையே என் கையைப் பிடித்துக்கொண்டு, முறைப்பாடு வேண்டாம் என்று மன்றாடியிருந்தாள். அடுத்து அவர் ஒரு வழி சொன்னார். சைக்கிள்களைத் திரும்ப எடுத்துவிடுவோம், பிரச்சினையே இருக்காது. மூங்கில் பாதையில் நிற்கிறவனைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கணக்கில் அவன் சைக்கிள் திட்டத்துக்குள் வரவில்லை போலும்.

ஒரு மாதம் பொறுங்கள் சேர் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து மாலையில் டே கெயாரிலிருந்து மகளை எடுத்துக்கொண்டு மூங்கில் பாதையில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் சைக்கிளில் ஏறினார்கள். அலுவலக மிஸ் நிற்கும்போது அக்காமாரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆள் நிற்பதைக் கண்டு மோட்டார் சைக்கிளும் நிற்காமல் போனது. பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். என் மகள் ஒவ்வொருத்திக்கும் கை காட்டினாள். பார்க்கிறவர்களுக்குத் திட்டம் அருமையாக நடப்பதுபோல இருந்திருக்கும். ஒரு விரிவுரையாளர் காரை நிறுத்தி என்னைப் பாராட்டினார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருபது சைக்கிள், ஒரு குத்துவிளக்கு, ஒரு பிரதம விருந்தினர், இத்தனைக்கும் பிறகு அந்தப் பாதையில் வேலை செய்தது வெருளிப் பொம்மை ஒன்றுதான். சேலை கட்டி, இடுப்பில் பிள்ளை வைத்த வெருளி. நான் பார்க்கிற தூரம் வரை ஓட்டினார்கள். வளைவுக்கு அப்பால் இறங்கித் தள்ளினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மகளின் கால் முழுக்க நுளம்புக் கடி. டெங்குக் காலம். கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரார் பிள்ளைகளைக் காக்கப் போய் என் பிள்ளையைக் காய்ச்சலில் தள்ளினேனா என்று அழுதேன். இரத்தம் எடுக்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. டெங்கு இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் நான் வேலைக்குப் போகவில்லை.

திரும்பிப் போன அன்று பாலத்தடியில் பத்தில் ஒன்பது சைக்கிள்கள் நாள்கணக்கில் அசையாமல் நின்றிருந்தன. கூடைகளில் மூங்கில் சருகு. உதவிப் பதிவாளர் என்னை அழைப்பித்தார். விடுதியில் பிள்ளைகளுக்குள் ஏதோ மனஸ்தாபம், சைக்கிள்தான் காரணம், இன்றே கொட்டகைக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

என்ன நடந்தது என்று புசல்லாவைப் பிள்ளையிடம் கேட்டேன். நான் வராத முதல் நாளே எல்லோரும் பழையபடி தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் வந்திருக்கிறான். இவள் பின்வரிசையில். அவன் கை இவள் தோள்வரை வந்திருக்கிறது.

“ஏறிட்டேன் மிஸ். ஏறி மிதிச்சு விடுதிக்குப் போயிட்டேன்.”

“மத்தவங்க?”

“தள்ளிக்கிட்டே வந்தாங்க.”

அன்றிலிருந்து அவளோடு யாரும் பேசுவதில்லை. அறையில் இருந்த இரண்டு பேரும் கட்டில் மாறிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். அவளுக்கு ‘அல’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. சிங்களத்தில் கிழங்கு. பகிடிவதைக்குப் பணியாதவர்களுக்கு வளாகம் வைத்திருக்கும் பெயர் அது. படிப்பு முடியும்வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். குறிப்புக் கொடுக்க மாட்டார்கள், குழுவில் சேர்க்க மாட்டார்கள். அவளோடு சேர்ந்தவர்கள் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்கள் இப்போது சைக்கிளைத் தொடுவதே இல்லை. அவள் மட்டும் தினமும் ஓட்டிக்கொண்டு போகிறாள். நான் வராத நாட்களில் முன்வாசல் காவலாளியிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கி, காலையில் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

நான் உதவிப் பதிவாளரின் அறைக்குத் திரும்பிப் போனேன். இந்தமுறை பேச்சு உள்ளேயே வந்தது. சைக்கிள்கள் அங்கேயே நிற்கும், எடுக்க வேண்டுமென்றால் எனக்கு எழுத்தில் தாருங்கள், நானும் எழுத்தில் தருகிறேன், மூங்கில் பாதையில் நிற்கிறவன், மதகில் இருப்பவர்கள், நாலு மணிக்குப் பூட்டிய கொட்டகை, எல்லாவற்றையும் என் பெயரில் எழுதுகிறேன், பிள்ளைகளின் பெயர் தேவையில்லை என்றேன். என் சிங்களம் தடுமாறியது. அவர் என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டார், மிகவும் மென்மையாக. அடுத்த மாதம் என்றேன். சரி, அதுவரை நிற்கட்டும் என்றார்.

ஒருத்திக்காகவா இவ்வளவும் என்று கணவர் கேட்பார். நானும் கேட்டுக்கொண்டேன். பத்துப் பேரைப் பாதுகாக்கப் போய் ஒருத்தியைத் தனிமைப்படுத்தியதுதான் மிச்சமா? நான் சைக்கிளே கொண்டுவராமல் இருந்திருந்தால் அவளுக்குக் கூட்டாளிகளாவது இருந்திருப்பார்கள். அவனும் இருந்திருப்பான்.

அன்று மாலை அவள் வந்தாள். நான் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள்.

“நீங்க நிக்க வேணாம் மிஸ். பாப்பாவுக்கு இப்பதானே சுகமாச்சு.”

“நீ போ” என்றேன்.

மதகுக் கட்டில் அக்காமார் இருந்தார்கள். அவர்களைத் தாண்டும்வரை அவள் பொறுக்கவில்லை. அவர்களுக்கு முன்னாலேயே பாவாடையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து ஏறினாள். ஒருத்தி ஏதோ சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மிதித்துக்கொண்டு போனாள். பின்னால் மற்ற முதலாம் வருடப் பிள்ளைகள் வெறுங்கையோடு, புத்தகங்களை அணைத்துக்கொண்டு, அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் நடந்து போனார்கள்.

“நடந்து போற அந்த அக்காமாருக்கு ஓட்டத் தெரியாதா அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“தெரியும். எல்லாருக்கும் நல்லா ஓட்டத் தெரியும்” என்றேன். மதகில் இருந்தவர்களுக்கும், நடந்து போகிறவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். பிறகு மகளின் காலுறையை இழுத்துவிட்டு, நுளம்பெண்ணெய் தடவி, அந்தப் பாதையிலேயே நின்றேன்.